தேமலுக்கு இரண்டு வாரம், படர்தாமரைக்கு இரண்டு மாதம்

தேமலுக்கு மாத்திரை இருக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை வாரத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டு வாரம் எடுத்தாலே பெரும்பாலான பெரியவர்களுக்குத் தேமல் அடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் பலருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஆனால் வாய்க்கு வாய் பரவும்போது ‘தேமலுக்கு’ என்பது உதிர்ந்துபோய், ‘அரிப்புக்கு ரெண்டே மாத்திரை’ என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மெடிக்கல் ஷாப்பில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, தொடையிடுக்குல ஒரே அரிப்பு. அந்த வாரத்துக்கு ஒண்ணு போடுற மாத்திரயக் குடுங்க” என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது படர்தாமரை. தேமலுக்குச் சரியான மாத்திரைக் கணக்கு படர்தாமரைக்குப் போதாது. போதாத மருந்து அரிப்பைச் சில நாள் அமுக்கும், நோயை அழிக்காது.

ஆகவே எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால் உடம்பில் இருப்பது எது என்று தெரிய வேண்டும்.

எது தேமல், எது படர்தாமரை

தேமல் கழுத்து, மார்பு, முதுகின் மேல்பாதி, தோள், மேல்கை ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வரும். எண்ணெய்ப்பசை அதிகம் சுரக்கும் இடங்கள் அவை. சிறு சிறு திட்டுகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம்போல் விரியும். நம் நிறத்தில் வெளிறித் தெரிவதே அதிகம். சிலருக்குப் பழுப்பாகவும் இருக்கும். அரிப்பு இருக்காது, அல்லது வியர்க்கும்போது மட்டும் லேசாகச் சுருக்கென்று குத்தும். வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. திட்டின் மேல் நகத்தை மெல்ல இழுத்தால் மாவுபோல் பொடி உதிரும். பக்கத்துத் தோலில் இழுத்தால் அப்படி உதிராது.

தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. அது வெளியிலிருந்து தொற்றுவதில்லை. எல்லோர் தோலிலும் எப்போதும் இருக்கிறது, தோலின் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்கிறது. வெக்கையும் வியர்வையும் சேரும்போது உருண்டை வடிவத்தை விட்டு இழையாக நீண்டு பெருகுகிறது. அப்போது அது சுரக்கும் சில அமிலங்கள் தோலின் நிறமி உற்பத்தியைத் தடுக்கின்றன. வெளுப்பு அதனால்தான் வருகிறது. தேமல் வந்தவரின் துண்டையோ பாயையோ ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. பெண் பார்க்க வரும் வீட்டில் இதை ஒரு குறையாகப் பேசுவது இன்றும் நடக்கிறது. மருத்துவத்தில் அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

படர்தாமரை வேறு இனப் பூஞ்சையால் வருவது. தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்கிறது. தொடையிடுக்கு, பிட்டம், இடுப்பைச் சுற்றி, மார்பகத்தின் அடி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். வட்டமாகப் படரும், விளிம்பு சிவந்து தடித்துப் பொரிப்பொரியாக இருக்கும், நடுப்பகுதி ஆறியதுபோல் தெரியும். அரிப்பு தூங்கவிடாது. இது ஒட்டுவாரொட்டி. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் பக்கம் வட்டமாக எது வந்தாலும் ‘வண்டுகடி’ என்று சொல்லி, பார்வை பார்த்துவிட்டு வரும் வழக்கம் உண்டு. அதில் போகிற நாட்களில் வட்டம் பெரிதாகிக்கொண்டே இருக்கும்.

வெளிறிய திட்டு எல்லாமே தேமல் என்றும் முடிவு கட்ட வேண்டாம். குழந்தைகளின் கன்னத்தில் வரும் மங்கலான திட்டுகள் பெரும்பாலும் வறண்ட தோலால் வருபவை. அவற்றுக்குப் பூஞ்சை மாத்திரையும் வேண்டாம், பூச்சி மாத்திரையும் வேண்டாம். பால்போல் வெளுத்து, பொடி உதிராமல் இருந்தால் வெண்குட்டமாக இருக்கலாம். தவறவிடக் கூடாதது தொழுநோய்த் திட்டு. அது அரிக்காது, பொடி உதிராது, முக்கியமாக உணர்ச்சி இருக்காது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நுனியால் திட்டைத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசிடம் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

தேமலுக்கு மாத்திரை: எப்போது, எவ்வளவு

உள்ளங்கை அளவுக்கு நாலைந்து திட்டு என்றால் மாத்திரையே வேண்டாம். கீட்டோகோனசோல் 2% ஷாம்பை ஈர உடம்பில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் குளித்தால் போதும். தொடர்ந்து ஐந்து நாள் செய்யலாம். செலினியம் சல்ஃபைடு ஷாம்பும் பலன் தரும், பத்து நிமிடம் ஊறவிட்டு ஒரு வாரம் குளிக்க வேண்டும். தலைக்குப் போடுவது போலவே கழுத்திலிருந்து இடுப்பு வரை போட வேண்டும். கண்ணில் தெரியும் திட்டுக்கு மட்டும் போட்டால் தெரியாத இடத்திலிருந்து மறுபடி கிளம்பும்.

முதுகு முழுக்கப் பரவியிருந்தால், வருடா வருடம் திரும்பி வந்தால், முதுகில் தேய்த்துவிட ஆளில்லாமல் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவராக இருந்தால், மாத்திரை நியாயமானது. மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது ஃப்ளூகோனசோல் 300 மில்லிகிராம்: 150 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஒரே வேளையில் எடுத்து, சரியாக ஒரு வாரம் கழித்து இன்னும் இரண்டு. சிலர் 400 மில்லிகிராமை ஒரே வேளையாகத் தந்து முடித்துவிடுவார்கள். இன்னொரு வழி இட்ராகோனசோல், ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் ஏழு நாள். இவ்வளவு குறைந்த மருந்து எப்படிப் போதுகிறது என்று சந்தேகம் வரலாம். மலசீசியா தோலின் மேல் அடுக்கில்தான் வாழ்கிறது. ஃப்ளூகோனசோல் அந்த அடுக்கில் போய்ச் சேர்ந்து, ரத்தத்திலிருந்து நீங்கிய பிறகும் பல நாள் அங்கேயே தங்குகிறது. நீங்கள் மாத்திரை எடுக்காத ஆறு நாளும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

எல்லாப் பூஞ்சை மாத்திரையும் தேமலுக்கு ஆகாது. டெர்பினாஃபின் மாத்திரை படர்தாமரைக்கு நல்ல மருந்து. தேமலில் வேலை செய்யாது. (அதே டெர்பினாஃபின் க்ரீமாகப் பூசினால் தேமலுக்கும் கேட்கும்.) பழைய மருந்தான கிரிசியோஃபுல்வினும் தேமலைத் தொடாது. பக்கத்து வீட்டு அக்காவின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கீட்டோகோனசோல் மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷாம்பாக அது பாதுகாப்பானது. மாத்திரையாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை அந்த மாத்திரையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவும் தோல், நகப் பூஞ்சைக்கு அதைத் தர வேண்டாம் என்று எச்சரித்தது. பழைய சீட்டில் அது இருந்தால் திரும்ப வாங்காதீர்கள்.

மாத்திரை எடுத்து இரண்டு வாரத்தில் “ஒண்ணும் கேக்கல” என்று வருபவர்கள் நிறைய. நிறத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். பூஞ்சை செத்த பிறகும் வெளுப்பு உடனே மாறாது. நிறமி மறுபடி உண்டாக இரண்டு மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். நகத்தை இழுத்துப் பாருங்கள். பொடி உதிரவில்லை என்றால் மருந்து கேட்டுவிட்டது, இனி வெயிலும் காலமும் பார்த்துக்கொள்ளும். மேற்கொண்டு மாத்திரை போட்டால் நிறம் சீக்கிரம் வராது. ஆவணியில் கல்யாணம் என்றால் வைகாசியிலேயே வைத்தியத்தைத் தொடங்குங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்த மருத்துவராலும் நிறத்தைக் கொண்டுவர முடியாது.

தேமல் திரும்ப வரும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தலைகாட்டும், ஏனென்றால் அந்தப் பூஞ்சை நம் தோலிலேயே குடியிருப்பது. கோடை தொடங்கும் முன் இரண்டு மூன்று நாள் ஷாம்பு குளியல் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதைத் தேமல் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அடிக்கடி வருபவர்களுக்கு மாதம் ஒரு முறை மாத்திரை என்ற முறையும் இருக்கிறது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரைக்கு முன் சொல்ல வேண்டியவை

இரண்டே வேளை என்பதால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கக் கூடாது. நான் அதிகம் கவலைப்படுவது சர்க்கரை நோயாளிகளைப் பற்றி. கிளிபென்கிளமைடு, கிளிப்பிசைடு, கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் கூடவே ஃப்ளூகோனசோல் போட்டால், சர்க்கரை மாத்திரை உடம்பில் சிதையாமல் தேங்கி, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். விடிகாலையில் அரைவயிறாகச் சாப்பிட்டுவிட்டுக் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் போகும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கும் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் தெரியாமலே விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டையைக் கையில் கொண்டு போங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படியே, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவர்கள், கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களுக்கும் இந்த மாத்திரைகள் வேண்டாம். க்ரீமும் ஷாம்பும் போதும். இதயம் பலவீனமாக இருந்து மூச்சுவாங்கும், கால்வீங்கும் நோயாளிகளுக்கு இட்ராகோனசோல் ஆகவே ஆகாது. ஈரல் கெட்டிருப்பவர்களும், தினசரி குடிப்பவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்கும் நாட்களில் சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ, சிறுநீர் கட்டன்சாயாபோல் இறங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். கூடவே காலையில் ‘கேஸ் மாத்திரை’ என்று பேன்டோபிரசோல் போடும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பூஞ்சை மருந்தில் பாதி வீணாகும். ஃப்ளூகோனசோலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

படர்தாமரை: குறுகிய வைத்தியம் எப்படித் தோற்றது

படர்தாமரைக்கும் ஒரு காலத்தில் குறுகிய வைத்தியம் போதுமானதாக இருந்தது. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, இரண்டு வாரம்; பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுக்க அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்து ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் போய்ப் பிடிக்க வேண்டிய நொதியின் அமைப்பே இந்தப் பூஞ்சைகள் பலவற்றில் மாறிப்போயிருக்கிறது. மருந்து போய்ச் சேரும், பிடி கிடைக்காது. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை இருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களுக்கும் டெர்பினாஃபின் கேட்கவில்லை.

இன்றைக்கு நம் தோல் மருத்துவர்கள் படர்தாமரைக்குக் குறைந்தது நான்கு வாரம், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் மாத்திரை தருகிறார்கள். பலருக்கு இட்ராகோனசோல்தான். வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் என்ற கணக்கு இங்கே நிற்காது. நாட்களை எண்ணி நிறுத்துவதும் இல்லை; வட்டமும் தடிப்பும் பொரியும் முழுதாக மறைந்த பிறகே நிறுத்த வேண்டும். கூடவே க்ரீமும் உண்டு. வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளிப் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை முன்னேறிக்கொண்டிருப்பது விளிம்பில்தான். மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூசுங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். முதல் வாரத்திலேயே அரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். அரிப்பு போனதும் மாத்திரையும் நின்றுவிடும். சோம்பல் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் போனால் அன்றைய கூலி போகும், மாத்திரையும் மலிவில்லை. எனவே முதல் நாளே மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: மொத்தம் எத்தனை வாரம், இப்போது எத்தனை நாளுக்குத் தருகிறீர்கள், அடுத்து எந்தத் தேதிக்கு வரட்டும், இதே மருந்து மலிவாக எங்கே கிடைக்கும். மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் விசாரித்தால் செலவு கணிசமாகக் குறையலாம்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் நிலைமை இன்னும் கடினம். இடுக்கி மலையில் சாரலில் நனைந்த பாவாடையும் மேல்சட்டையும் சாயங்காலம் வீடு திரும்பும் வரை உடம்பிலேயே காய்கின்றன. பாவாடை நாடா இறுகும் இடத்தில் வளையமாகப் படர்தாமரை ஏறும். மாற்றுத்துணி எடுத்துப்போகச் சொல்வது எளிது. மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம் தோட்டத்தில் இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது தோட்டக்காரரின் பொறுப்பு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கேட்கலாம், கேட்க வேண்டும். ஆண்களுக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு. வியர்வையும் பூஞ்சையும் அந்தக் கறுப்புக் கயிற்றில் தங்கி, குணமான தோலில் மறுபடி ஏறும். வைத்தியம் முடியும் வரை அவிழ்த்து வையுங்கள். விட மனமில்லை என்றால் வைத்தியம் முடிந்ததும் புதுக்கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நோய் உள்ளவரின் உள்ளாடை, துண்டு, போர்வையைத் தனியே வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுக்க வேண்டும்.

வயலில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு, சீழோ வீக்கமோ இல்லாவிட்டால், க்ரீமும் காலை உலர வைப்பதுமே பெரும்பாலும் போதும்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

படர்தாமரை இப்படி முற்றியதற்கு இன்னொரு காரணம் நம் கையில் இருக்கும் டியூப். முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூசிய மறுநாளே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் ஆழமாகப் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். வட்டத்துக்குள் வட்டம் தோன்றும், சில சமயம் வட்ட வடிவமே கலைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். மாதக்கணக்கில் பூசினால் தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கீறல்கள் விழும், அவை ஆயுளுக்கும் மறையாது.

2018-ல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னும் கவுண்டரில் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் அந்த டியூபையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துப் பூசுவதுதான் நடக்கிறது. சீமை அகத்தி இலையை அரைத்துப் போடும் பழக்கம் பழையது, ஆனால் இன்றைய படர்தாமரைக்கு அதை மட்டும் நம்பிக் காலம் கடத்த வேண்டாம். பூண்டையும் மண்ணெண்ணெயையும் தோல் பக்கமே கொண்டு போகாதீர்கள், வெந்து புண்ணாகும்.

எங்கே போவது

சாதாரணத் தேமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். படர்தாமரைக்குக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி அரசு மருத்துவமனைகளில் தொடங்கலாம். ஒரு மாதம் ஒழுங்காக மருந்து எடுத்தும் அடங்கவில்லை என்றால், மறுபடி மறுபடி வந்தால், ஸ்டீராய்டு பூசிய வரலாறு இருந்தால், கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். தேனியிலிருந்து ஆண்டிபட்டி வழியாக மதுரை போகும் பாதையில் இருக்கிறது. அங்கே தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லலாம். வலிக்காது, கொஞ்ச நேரத்தில் முடியும். பூசிய மருந்து முடிவை மறைத்துவிடும் என்பதால், க்ரீமை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை எண்ணெயோ பவுடரோ போடாமல், இதுவரை சாப்பிட்ட அட்டைகளையும் பூசிய டியூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.